சந்தனம் ஒட்டாத டைனமோ

1 செப்டம்பர் 1952, திங்கள்

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். விளக்கைப் பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன். இது கணக்கு நோட்டின் பின்பக்கம். அம்மா பார்த்தால் மண்ணெண்ணெய் வீண் என்பாள். அப்பா பார்த்தால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அதுதான் பயம்.

நேற்று கறுப்பி ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தாள். கறுப்பி எங்கள் கார். மெர்லிமாவிலிருந்து மலாக்காவுக்கு அப்பா அதை வாடகைக்கு ஓட்டுகிறார். தினமும் காலையில் நான்கு பேர் சவாரி. ஐந்தாவது ஆள் நான். கியர் கம்பிக்குப் பக்கத்தில் காலை மடக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். நேற்று பாக்கியம் அக்காவையும் மாப்பிள்ளையையும் கோயிலிலிருந்து ஏற்றிவந்தோம். ஜனங்கள் அட்சதையை ஜன்னல் வழியாகவே உள்ளே வீசினார்கள். இன்று காலை பாசார் சந்தைக்குப் போன மங்களம் அத்தை முதுகெல்லாம் மஞ்சள் அரிசி ஒட்டியபடி இறங்கிப் போனார். நான் சொல்லவில்லை. சிரிப்பை அடக்கி அடக்கி வயிறு வலித்தது.

3 செப்டம்பர், புதன்

கறுப்பிக்கு உடம்பு சரியில்லை. நேற்றுச் சாயங்காலம் முன்விளக்கு மங்கியது. இன்று காலை கிளம்பவே மாட்டேன் என்றாள். பள்ளிச் சீருடையோடு நானும் தள்ளினேன்.

அப்பா அதை ராமையா மாமாவின் பட்டறையில் விட்டிருக்கிறார். ஊரில் அவரை விட்டால் வேறு மெக்கானிக் இல்லை. நெற்றி நிறைய விபூதி. வாயைத் திறந்தால் முதல் வார்த்தை முருகா. "முருகா! நாலே நாள் கந்தசாமி, புதுப் பொண்ணு மாதிரி அனுப்பி வைக்கிறேன்" என்றாராம்.

5 செப்டம்பர், வெள்ளி

டைனமோ கருகிவிட்டதாம். பாட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் உருளை அது. சிங்கப்பூரிலிருந்து புதிது வர வேண்டும். நூற்றைம்பது வெள்ளி, பாதி முன்பணம். அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். "காது லேசா இருக்குங்க, பறந்துடுவேன் போல" என்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

பழைய டைனமோவைக் கேட்டதற்கு, "அதையா? குப்பை. பழைய இரும்புக்காரன் நேத்தே தூக்கிட்டுப் போயிட்டான் லா" என்றாராம் ராமையா மாமா.

இப்போது ஒன்று எழுதியே ஆக வேண்டும். யாருக்கும் தெரியாதது.

போன வருஷம் ஆயுத பூஜையன்று அப்பா கறுப்பியின் பானெட்டைத் திறந்து, சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். எல்லாவற்றிலும் பொட்டு நின்றது, டைனமோவில் மட்டும் நிற்கவில்லை. அவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கு. மூன்று தடவை வைத்தேன். மூன்று தடவையும் வழுக்கி விழுந்தது. அதற்கு மட்டும் ஒன்றும் இல்லாமல் போனால் சாமி கோபிக்குமே என்று காம்பஸ் முனையால் ஒரு பிள்ளையார் சுழி கீறினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே என் பெயரையும் கீறினேன். கமலவேணி, முழுப் பெயர். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் வளைத்து மேலே ஏற்றினேன்.

காரில் ஒரு கோடு விழுந்தாலே அப்பா சாப்பிடாமல் படுத்துவிடுவார். ஒரு வருஷமாக அவர் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

நான் கீறியதால்தான் கருகியதா?

இரும்புக்காரன் கொண்டுபோனது ஒரு விதத்தில் நல்லது. இனி யாரும் பார்க்க முடியாது. அம்மா காது மூளியாக இருக்கும்போது இப்படி நினைக்கிறேனே, நான் நல்ல பெண்ணா?

11 செப்டம்பர், வியாழன்

பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறேன். அப்பாவுக்கு வேலை இல்லை. கோழிக்கூண்டுக்கு இரண்டாவது தடவையாகப் பெயின்ட் அடித்துவிட்டார். கோழிகளும் பாதி பச்சையாகிவிட்டன.

18 செப்டம்பர், வியாழன்

கறுப்பி வந்துவிட்டாள்! மீதிப் பணத்துக்கு அடுத்த மாதம் வரை தவணை. என்னை ஏற்றிக்கொண்டு சும்மாவே ஊரை ஒரு சுற்றுச் சுற்றினார் அப்பா. சந்தைத் திருப்பத்தில் ஹாரனை இரண்டு தடவை அடித்தார். எதிரில் நின்றது ஒரு ஆடு மட்டும்தான்.

22 செப்டம்பர், திங்கள்

சாயங்காலம் மலாக்காவிலிருந்து திரும்பும்போது மழை இருட்டு. ரப்பர்க் காடு தொடங்கும் இடத்தில் விளக்கு மங்கி, மஞ்சளாகி, அணைந்தேவிட்டது. காட்டில் கம்யூனிஸ்டுகள் இருப்பதால் ஏழு மணிக்கு ஊரடங்கு. ஊரைச் சுற்றிய முள்வேலிக் கேட்டை மூடிவிட்டால் வெளியில் இருப்பவர்கள் யார் என்று பட்டாளத்தார் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பின் சீட்டில் இருந்தவர்கள் மூச்சுகூட விடவில்லை. அப்பா தலையை வெளியே நீட்டி, ரோட்டின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தே ஓட்டினார். கேட்டை அடைந்தபோது காவல்காரர் பூட்டைக் கையில் வைத்திருந்தார்.

"புது டைனமோ" என்றார் அப்பா.

23 செப்டம்பர், செவ்வாய்

பள்ளி விட்டதும் என்னை ஏற்றிக்கொண்டு அப்பா நேராகப் பட்டறைக்குப் போனார். நான் காரிலேயே இருந்தேன்.

"இது புதுசு இல்லண்ணே. பழசுக்குச் சாயம் அடிச்சிருக்கீங்க. என் காசையும் குடுங்க, என் பழைய டைனமோவையும் குடுங்க."

"முருகா! என்னைத் திருடன்னு சொல்றியா?"

"டைனமோ எங்கேன்னுதான் கேக்குறேன்."

ராமையா ஒரு சிகரெட் டின்னை எடுத்து வந்தார். (இனி மாமா என்று எழுத மாட்டேன்.) அதை அப்பாவின் காதருகே குலுக்கினார். கலகலவென்று சத்தம். "உன் பின் சீட்டுக்கு அடியில கிடந்துச்சு. அரிசி. காட்டுல இருக்கிறவனுக்கு ஒரு பிடி கொண்டு போனாலே என்ன ஆகும்னு தெரியும்ல? போலீஸ் கேட்டா நான் பொய் சொல்ல முடியாது பாரு. சாமி கும்புடுறவன்."

அப்பா வந்து காரை எடுத்தார். பாதி வழியில் எனக்கு உறைத்தது. "அப்பா, அது கல்யாண அட்சதைப்பா!"

"எனக்குத் தெரியாதா? அரிசின்னா அரிசிதான். பிடிச்சு உள்ள போட்டப்புறம் எவன் கலர் பாக்கப் போறான்? யார்கிட்டயும் வாயைத் திறக்காத. அம்மாகிட்டக்கூட."

24 செப்டம்பர், புதன்

கறுப்பியை விற்றுவிட்டு லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டப் போகலாம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அங்கே எனக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் கிடையாது. அம்மா ஏன் என்று கேட்டாள். அப்பா எழுந்து கோழிக்கூண்டுப் பக்கம் போய்விட்டார். எனக்குத் தெரியும், ஆனால் நான் சொல்லக்கூடாது.

26 செப்டம்பர், வெள்ளி

நாளை சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை. ராமையா வாடிக்கைக்காரர்கள் எல்லாரையும் பட்டறைப் பூஜைக்கு அழைத்திருக்கிறார். எங்களையும்தான்! என்ன தைரியம். அப்பா வரமாட்டேன் என்றார். "சாமி காரியத்துக்குக் கூப்பிட்டா போகணும். அவனுக்காகவா போறோம்?" என்றாள் அம்மா. அவளுக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

காலையில் என் புத்தகங்களையெல்லாம் அம்மா பூஜையில் அடுக்கிவிடுவாள். இந்த நோட்டும் போகும். பிரித்துப் பார்ப்பாளோ? பார்க்கக் கூடாது சாமி.

27 செப்டம்பர், சனி
(நோட்டு பூஜையில் இருக்கிறது. காலண்டர்த் தாளின் பின்னால் எழுதி ஒட்டியது.)

இன்று எழுதவே கூடாத நாள். சரஸ்வதி மன்னிக்கட்டும், ஒரு வரி மட்டும். கறுப்பியின் டைனமோ பட்டறையில் இருக்கிறது! காலை வரை இருக்குமா?

28 செப்டம்பர், ஞாயிறு

நோட்டு திரும்பி வந்துவிட்டது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

நேற்றுப் பட்டறையில் இருபது பேராவது இருந்தோம். வாசலில் வாழைக்கன்று, மாவிலை. நீளமான மேசையில் வெள்ளை வேட்டி விரித்து, ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி என்று எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தார்கள். வரிசையின் கடைசியில் புதுக் கறுப்புச் சாயம் மின்ன ஒரு டைனமோ.

"முருகா! கமலாப் பாப்பாவா? வா வா. பொம்பளப் புள்ள கையால பொட்டு வச்சா பட்டறைக்கு நல்லது" என்று சந்தனத் தட்டையும் குங்குமத்தையும் என்னிடம் நீட்டினார் ராமையா. அவரேதான் நீட்டினார்!

ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனேன். டைனமோவில் சந்தனத்தை அழுத்தியபோது கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ நெருடியது. தடவினேன். ஒரு சுழி. அதற்குக் கீழே க, ம, ல... கடைசியில் வளைந்து மேலே ஏறும் ணி.

சொல்ல வேண்டும். சொன்னால் கீறியது நான் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அந்த டின் வேறு இருக்கிறது. வாய் ஒட்டிக்கொண்டது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. குங்குமத்தை எடுத்துக் கீறல்களுக்குள் தேய்த்தது. மேலே பரவியதைப் பாவாடை நுனியால் துடைத்தது. கறுப்பின் மேல் என் பெயர் சிவப்பாக எழுந்து நின்றது. நான் நகர்ந்து அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

தீபாராதனை முடிந்து பொரியும் கடலையும் கொடுக்கும்போது, வாசலில் நின்றிருந்த மளிகைக்கடை மீரா சாஹிப் பாய் உள்ளே வந்தார். "எங்கேப்பா ராமையா, என் வேனுக்குன்னு சொன்ன சாமான்?"

"அதோ பாய். முதல் தரம்."

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். உரக்க எழுத்துக்கூட்டினார். பிறகு நிமிர்ந்து, "ஏன் ராமையா, சிங்கப்பூர்ல இப்பத் தமிழ்ல பேர் போட்டா அனுப்புறான்? அதுவும் நம்ம கந்தசாமி மகள் பேரை?" என்றார்.

யாருக்கோ சிரித்ததில் பொரி புரையேறியது. எல்லாரும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா வந்து பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"இது என் கார்ல இருந்தது" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

ராமையா முருகா என்றுகூடச் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து அந்த டின்னை எடுத்து மெல்லக் குலுக்கினார். "கந்தசாமி, இது ஞாபகம் இருக்கா?"

அப்பா முகம் வெளுத்தது. "என்னங்க அது?" என்றாள் அம்மா. அப்போது யாரோ பேசினார்கள். நான்தான்.

"அரிசிம்மா! நம்ம கார்ல கிடந்துச்சாம். போலீஸ்ல சொல்லிடுவேன்னு அப்பாவை மிரட்டுறாரு!"

அம்மா டின்னைப் பிடுங்கி, திறந்து, அப்படியே மேசை மேல் கொட்டினாள். மஞ்சள் மஞ்சளாக உருண்டது. ஒரு காய்ந்த ரோஜா இதழும் விழுந்தது.

"அட மனுஷா! இது பாக்கியம் கல்யாணத்து அட்சதை! காட்டுல இருக்கிறவனுக்கு என்ன, கல்யாணமா? எங்கே, போலீஸைக் கூப்பிடு, அவங்க தலையிலயும் போடுறேன்." ஒரு பிடி அள்ளி ராமையாவின் தலையிலேயே போட்டாள். "இந்தா, தீர்க்காயுசா இரு!"

பட்டறையே அதிர்ந்தது. இதில் பெரிய வேடிக்கை, அட்சதை விழுந்ததும் ராமையா தன்னை அறியாமல் கைகூப்பிக் குனிந்துவிட்டார். பாய் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாவும் சிரித்தார். இந்த மாதத்தில் முதல் தடவை.

டைனமோவை அப்போதே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் பாய். அம்மா விடவில்லை. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக்கூடாது, விஜயதசமி காலையில்தான். எல்லாரும் ஆமாம் என்றார்கள். இரவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்லை. மாற்றிவிட்டால்? சுரண்டிவிட்டால்?

இன்று காலை ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் அப்பாவும் நானும் ஓட்டமும் நடையுமாகப் போனோம். ராமையா வாசலில் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒன்றுமே அசையவில்லை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. என் பெயர் அப்படியே இருந்தது. பூஜையில் இருப்பதைத் தொட அவருக்குப் பயம். பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அவரே அதைப் பிரித்துப் பார்த்தார், அப்பா கறுப்பியைக் கொண்டுவந்ததும் அவரே மாட்டினார். உள்ளே கைவிரல் நுனி அளவுக் கரித்துண்டு ஒன்று தேய்ந்திருந்தது, அதை மாற்றினார், அவ்வளவுதான். கருகவும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் கீறியது அதற்கு வலிக்கவே இல்லை! முன்பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் அப்பா கையில் திணித்தார்.

"திருடினதை ஏண்ணே கொண்டுபோய் சாமி முன்னால வச்சீங்க?" என்று அப்பா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"பட்டறையிலேயே நல்ல சாமான் அதுதான் தம்பி. அதை விட்டுட்டுப் பூஜை பண்ண மனசு கேக்கல."

29 செப்டம்பர், திங்கள்

கறுப்பியில் பள்ளிக்கூடம் போனேன். விளக்கு பட்டப்பகலில் எரிந்தது. அப்பா அணைக்கவே இல்லை.

12 அக்டோபர், ஞாயிறு

அம்மா காதில் தோடு. தீபாவளிக்கு இன்னும் ஐந்து நாள்.

கீறியதைப் பற்றி அப்பா இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் காத்திருந்தேன். இன்று சாயங்காலம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "கமலா, உன் காம்பஸை எடுத்துட்டு வா" என்றார். போச்சு என்று நினைத்தேன்.

"எல்லாத்துலயும் எழுது."

"எதைப்பா?"

"உன் பேரைத்தான். பாட்டரிப் பெட்டி, கார்புரேட்டர், ஜாக்கி, ஒண்ணு விடாத. என் பேரைப் போட்டா ஊர்ல பத்துக் கந்தசாமி இருக்கான்."

எழுதினேன். இருட்டியதும் அப்பா லாந்தரைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். அம்மா பெயரையும் எழுதவா என்று கேட்டேன். பெரியநாயகி நீளமான பெயர், பம்பர் போதாது என்றார். சமையல் அறையிலிருந்து "கேக்குது, கேக்குது" என்று குரல் வந்தது.

கார்புரேட்டரில் இடம் கொஞ்சம்தான். எப்படி எழுதுவது என்று விழித்தேன்.

"பொடியா எழுதும்மா" என்றார் அப்பா. "ராத்திரியில கணக்கு நோட்டுக்குப் பின்னால எழுதுவியே, அந்த மாதிரி."

எனக்குக் காம்பஸ் கையிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா லாந்தரை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார்.

விளக்கை மறைத்த பிஸ்கட் டின்னைச் சமையல் அறையிலேயே வைத்துவிட்டேன். அம்மா முறுக்குப் போட்டு வைக்கட்டும்.