கரண்ட் பில் ஃபோல்டர்

ஜூன் 9, திங்கள்

காற்று. புழுதி. சிறுமலைப் பக்கம் கருத்தது, பெய்யவில்லை. ஸ்கூல் திறந்து முதல் வாரம், தொண்டை கட்டிவிட்டது.

வேலை: மெயிலை ஒழுங்கு பண்ணுவது. ஓய்வு பீரியடில் உட்கார்ந்தேன். திறந்தால் தலை சுற்றுகிறது. என் மெயிலில் எனக்கு வந்தது எது என்று எனக்கே தெரியவில்லை.

சாணார்பட்டி சித்தப்பா: சொட்டுநீர் மானியம், விதைக் கம்பெனி விளம்பரம்.
வத்தலக்குண்டு மதினி (இவருடைய அக்கா): சேலைக் கடை. கூடவே அவர் மகன் வேலை கேட்டு எழுதின கம்பெனி அத்தனையும்.
அத்தை (இவருடைய அம்மா): வேளாங்கண்ணி ரயில் டிக்கெட். போன வருஷத்தது.
நான்: ஸ்கூல் சர்க்குலர். அடியில் எங்கோ.

குடும்பத்தில் ஒருத்தி கம்ப்யூட்டர் படித்தால் அவள் மெயில்தான் எல்லாருக்கும் மெயில். பாஸ்வேர்டும் பாதிப் பேருக்குத் தெரியும். மாற்றினால், "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று வருவார்கள்.

இத்தனை நாள் போனால் போகிறது என்று விட்டேன். இனி முடியாது. இவர் மெயில் நிரம்பி வழிகிறது என்று தத்தெடுப்பு அலுவலகத்துக்குப் போன மாதம் என் முகவரியைக் கொடுத்துவிட்டோம். நம் முறை நெருங்கிவிட்டதாம். அங்கிருந்து எங்கள் வீட்டைப் பார்க்க வந்த மேடம் சொன்னார். குழந்தை விவரம் மெயிலில்தான் வரும், இரண்டு நாளுக்குள் பதில் போடவேண்டும், தவறினால் முறை பின்னால் போய்விடும். நடுவில் மதினி மகன் திறந்து பார்த்தால்?

பிள்ளை வீட்டுக்கு வரும்வரை யாருக்கும் மூச்சு விடக்கூடாது என்பது அத்தையின் கட்டளை. பெற்ற மகளுக்கும் சேர்த்துத்தான். "அவ காதுல விழுந்துச்சுன்னா பஸ் ஸ்டாண்டுல மைக்கு போட்ட மாதிரிதான்."

ஜூன் 10, செவ்வாய்

வெயில். தோசை மாவு புளித்துவிட்டது.

ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டாயிற்று. சித்தப்பா, மதினி, அத்தை, ஸ்கூல். இன்னாரிடமிருந்து வந்தால் இன்ன இடத்துக்குப் போ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூல். முதலில் தப்பு, சித்தப்பாவின் விதை எல்லாம் ஸ்கூலுக்குள் போனது. பிறகு சரி.

அலுவலகத்து மெயிலுக்குத் தனி ரூல். முகப்பில் காட்டாமல் நேராக ஒரு ஃபோல்டருக்குள் போய்விடும். அதற்குப் பெயர் 'கரண்ட் பில்'. நம் சொந்தக்காரர்கள் எதைத் திறந்தாலும் அடுத்தவர் கரண்ட் பில்லைத் திறக்க மாட்டார்கள். கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

காலி. ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திவிட்டு வந்து பார்த்தேன். காலி. பஸ்ஸில். காலி. வெங்காயம் வதக்கும்போது. காலி, வெங்காயமும் தீய்ந்தது.

அத்தை போனில் யாரிடமோ: "எந்நேரமும் அந்தப் போனத்தான் நோண்டிக்கிட்டு இருக்கா. என்னத்தத் தேடுறாளோ." விஷயம் வெளியே தெரியாமல் இருக்க நடிப்பு. நன்றாகவே நடிக்கிறார்.

ஜூன் 11, புதன்

நான்கு தூறல். வாசல் கூட நனையவில்லை.

சித்தப்பா போன்: "ஏத்தா, மெயில்ல ஒரு நம்பரு வந்திருக்காம், பாத்துச் சொல்லு. செத்த நேரம்தான் இருக்குமாம்." சொன்னேன். ஒரு இலக்கம் மாற்றிச் சொல்லிவிட்டேன். மறுபடி வந்தது, மறுபடி சொன்னேன். மனசு அங்கே இல்லை.

மத்தியானம் பொறுக்கவில்லை. மேடத்துக்கே போன் போட்டேன்.

"உங்களுக்கு நேத்தே மெயில் போயிருச்சேம்மா. நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும்தான் டைம். பாக்கலையா நீங்க?"

உடனே திறந்தேன். கரண்ட் பில் காலி. தேடினால் இல்லை. என் ரூலில்தான் தப்பு என்று செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன். கடைசியில், நான் போடாத ரூல் ஒன்று. பேபி, சைல்டு, குழந்தை என்ற சொல் எந்த மெயிலில் இருந்தாலும் நேராகக் குப்பைக்கு.

குப்பையைத் திறந்தேன். டயபர் கம்பெனி, பால் பவுடர், பொம்மைக் கடை. முதல் தடவை உண்டானபோது ஆசையாக எங்கெங்கோ பிரசவ தேதியைக் கொடுத்து வைத்தேன். அது நிற்கவில்லை. அவர்களுக்கு யார் சொல்வது? 'உங்கள் செல்லத்துக்கு நான்கு வயது, ஸ்கூல் பேக் வாங்கிவிட்டீர்களா?' அவர்கள் கணக்கில் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

அதற்குக் கீழே அலுவலகத்து மெயில். திறக்கப்படாமல்.

மில்லிலிருந்து இவர் வந்ததும் கேட்டேன். செருப்பைக் கூடக் கழற்றவில்லை, அப்படியே நின்றார்.

"நான்தான் போட்டேன். அந்த மெயிலு வர்றப்பல்லாம் நீ பாத்ரூம்ல போய் அழுதுட்டு வருவ. அப்புறம் மறந்தே போனேன்."

என் நன்மைக்குத்தான். தெரிகிறது. ஆனாலும் கோபம் கோபமாக வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? "சொல்லியிருந்தா அதுக்கும் அழுதிருப்ப" என்கிறார். உண்மைதான், அதனால் கோபம் இன்னும் கூடிவிட்டது. சாப்பாடு போட்டேன், பேசவில்லை.

மெயிலில் குழந்தையின் படம் இருக்கிறது, தனியாகத் திறக்கவேண்டும். இந்தக் கோபத்தோடு அந்த முகத்தைப் பார்க்க மாட்டேன். நாளை சாயந்தரம் வரை நேரம் இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

காலையிலேயே புழுக்கம். லீவு சொல்லிவிட்டேன், காரணம் வயிற்றுவலி.

அடுப்படியில் மூவரும். அத்தை ஜெபமாலையோடு. இவர் ஈரத் தலையோடு.

படத்தைத் திறக்கப் போனேன். இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "முதல்ல சம்மதம்னு போட்டுருவோம். அப்புறம் பாக்கலாம்."

"பாக்காமலா?"

"பாத்துட்டுப் போட்டா பொண்ணு பாக்கப் போன மாதிரி இருக்கும்மா. பெத்திருந்தா பாத்துட்டா வாங்கிருப்போம்?"

அத்தை மணி உருட்டுவதை நிறுத்தினார். நேற்றைய கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. உடல்நிலை விவரத்தை மட்டும் படித்தேன், சத்தமாக. பெண் குழந்தை, ஒன்றரை வயது, சளி அடிக்கடி. "சளி யாருக்குத்தான் இல்ல" என்றார் அத்தை.

இவர்தான் சம்மதத்தை அழுத்தினார். 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று வந்தது. உடனே எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார், கழுவின முகத்தையே மறுபடி கழுவிக்கொண்டு.

படத்தைத் திறந்தேன். ரெட்டைக் குடுமி. சட்டை ஒரு சுற்றுப் பெரிது. சிரிப்பே இல்லை, போட்டோ எடுப்பவரை முறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "ஆத்தி! என்னத்துக்கு இம்புட்டுக் கோவம் இவளுக்கு?"

"ரெண்டு நாளா வாசல்ல நிக்க வச்சுட்டோம்ல, அத்தை."