பலகையில் தொங்கிய என் எண்

இன்று காலை தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயின் முடிவு அது. இத்தனை வருஷம் நிலத்தடியில் வேலை செய்தும் என் நுரையீரல் சுத்தமாக இருக்கிறதாம். படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று நாளுக்கு மேல் நான் கீழே இறங்கியதே இல்லை என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அதில் நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய், கூட்டாளி.

நிலக்கரிச் சுரங்கத்தில் எனக்கு நிலத்தடியில் வேலை போட்டார்கள், உனக்கு மேலே செங்கல் சூளையில். மூன்றாம் நாள் எனக்கு மூச்சு முட்டி, பாதி வழியில் தவழ்ந்து வெளியே வந்தேன். முடியாது என்று சொன்னால் வேலையும் போகும், இருக்கிற வீடும் போகும். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். நீ ஒரு சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னாய்.

"ஒன் பித்தளைய இங்க குடுடா. எனக்கு இருட்டுன்னா பயமில்ல."

ஆளுக்கொரு எண் பொறித்த பித்தளை வில்லை. கீழே இறங்குகிறவன் சுரங்க வாயிலில் இருக்கும் பலகையில் அதை மாட்டிவிட்டுப் போக வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆள் கணக்கு எழுதும் கிராணி எண்ணைப் பார்ப்பாரே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார். அடுத்த நாளிலிருந்து என் எண்ணில் நீ இறங்கினாய். உன் எண்ணில் நான் செங்கல் அடுக்கினேன். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அன்று திடலில் எல்லாரும் மெர்டேக்கா என்று தொண்டை கிழியக் கத்தினோம். நீ ஒரு தடவைதான் கத்தினாய். பிறகு குனிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டே இருந்தாய். தண்ணீர் கொடுத்தால், சுருட்டுப் புகை என்று சமாளித்தாய்.

சுரங்கத்தின் கூரை சரிந்த நாள் நினைவிருக்கிறதா? சங்கு ஊதியதும் பெண்களெல்லாம் பலகைக்கு ஓடி வந்தார்கள். என் எண் தொங்குவதைப் பார்த்து என் மனைவி மண்ணில் விழுந்து அழுதாள். உன் மனைவி பலகையை இரண்டு தடவை பார்த்துவிட்டு, உன் எண் இல்லை என்றதும் வீட்டுக்குப் போய்விட்டாள். நீ பிழைத்து வந்தாய். நான் என் மனைவியிடம், முன்னாடியே ஏறிவிட்டேன், வில்லையை எடுக்க மறந்துவிட்டேன் என்று புளுகினேன்.

சுரங்கத்தை மூடியதும் நீ செமாபோக்கிலும் நான் காஜா பேராங்கிலுமாக மலாக்காவுக்கு வந்து சேர்ந்தோம். உன் நெஞ்சு அதற்குள் ஓட்டைத் துருத்தியாகிவிட்டிருந்தது. நஷ்டஈடு கேட்டு டாக்டர் சீட்டோடு நீ எழுதிப் போட்ட மனுவுக்கு என்ன பதில் வந்தது? நீ சூளையில் வேலை செய்தவன், நிலத்தடி ஆள் இல்லை என்று இரண்டே வரி. போய் உண்மையைச் சொல்கிறேன் என்று சட்டையை மாட்டினேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய்.

"பேசாம இருடா. என்னோட போவட்டும்."

என்ன பெரிய மனசு உனக்கு! உன் மனைவி உன் சாவுக்குச் சுருட்டைத்தான் குற்றம் சொன்னாள். குடும்பத்தை நினைக்காத மனுஷன் என்று இழவு வீட்டிலேயே திட்டினாள். நான் அங்கே வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் கோபம் உன்மேலா என்மேலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இந்த எக்ஸ்ரே கடிதம் வந்த பிறகு என்னால் முடியவில்லை. உன் பேச்சை மீறிவிட்டேன். மத்தியானம், சுரங்கத்தை மூடியபோது நீ திருப்பிக் கொடுத்த என் வில்லையையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு செமாபோக்குக்கு சைக்கிள் மிதித்தேன். உன் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கூர சரிஞ்ச அன்னிக்கும் இவரு கீழதான் இருந்தாரா?"

ஆமாம் என்றேன்.

"நான் வீட்டுக்குப் போயி சோறாக்குனேண்ணே. நல்ல வேள நம்ம ஆளு இல்லன்னு, கருவாடு வேற பொரிச்சேன்."

வில்லையை என் கையிலேயே வைத்து மூடிவிட்டு உள்ளே போனாள். அது இப்போது என் சட்டைப்பையில் கிடக்கிறது. மூச்சு தாராளமாக வருகிறது, போகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது என் நெஞ்சில் இடிக்கிறது.