உங்கள் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்

அன்புள்ள அக்காவுக்கு,

'எங்க அக்கா தினமும் பார்க்கிறா.' இந்த நான்கு சொற்களை இன்று ஆபீஸ் கூட்டத்தில் நான் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டேன்.

எப்படி இருக்கிறாய்? துணிக்கடையில் உட்காரவே விடுவதில்லை என்றாயே, கால் வீக்கம் வற்றியதா? விடுதி அறைக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார்களா?

போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் "சரிடி, சரிடி" என்பாய், பிறகு உன் இஷ்டப்படி செய்வாய். காகிதம் என்றால் திரும்பப் படிப்பாய். அதனால் உன் ஊருக்கு வரும் என் சிநேகிதியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நாம் செய்தி அனுப்பிக்கொள்ளும் எங்கள் கம்பெனி செயலி இலவசம் என்பது உனக்குத் தெரியும். அதில் வரும் வாசகங்களை எழுதுவது என் வேலை என்பதும் தெரியும். எத்தனை நாள்தான் இலவசமாக ஓட்டுவது என்பதுதான் இன்றைய பேச்சு. சந்தா வைத்தால் ஓடிவிடுவார்கள், விளம்பரம் போட்டால் திட்டுவார்கள் என்றார்கள். "ஊரே காலையில பூப்படம் அனுப்புது, ஒரு பைசா வரல" என்று மேலாளர் தலையில் கைவைத்தார். அப்போதுதான் கணக்குப் பார்க்கிறவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாசத்துக்கு யாரும் காசு தர மாட்டாங்க சார். சந்தேகத்துக்குத் தருவாங்க."

விஷயம் இதுதான். வரும் வெள்ளிக்கிழமையிலிருந்து, நம் முகப்புப் படத்தை யார் யார் பார்த்தார்கள் என்று காசு கட்டினால் காட்டப்போகிறார்கள். பெயர் இல்லாவிட்டால் எண். கடந்த ஒரு மாதம் பார்த்தவர்களையும் சேர்த்து. காசு கட்டாதவர்களுக்கு ஆசை காட்ட ஒரு வரி வேண்டும் என்றார்கள். "ஒருவர் உங்கள் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். யாரென்று தெரிய வேண்டாமா?" நான் எழுதியதுதான். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தான் தன் முகப்பில் வைத்திருப்பது நம் பையனின் படத்தை. நீ அடி தாங்காமல் வெளியேறிய அன்று அவனைப் பிடித்து வைத்துக்கொண்டவர், நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார். வழக்கு முடியும்வரை உன் புது எண் அவர் கையில் சிக்கவே கூடாது என்று வக்கீல் தலைபாடாக அடித்துக்கொண்டார். நீயோ விடிந்ததும் அந்தப் படத்தில்தான் கண் விழிக்கிறாய். போன வாரம் "முன்பல்லு விழுந்திருக்குடி, பார்த்தியா? சிரிப்பே மாறிப்போச்சு!" என்று எவ்வளவு குதித்தாய்.

கணக்கையே நீக்கிவிட்டால் பட்டியலில் வரமாட்டாய். யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். கூட்டத்தில் வாய் திறந்திருந்தால் இதை நிறுத்தியிருப்பார்களா? தெரியவில்லை. நம் வீட்டுக் கதையை அந்த மேசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது சரியா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

வியாழக்கிழமைக்குள் நீக்கிவிடு. 'கடைசியா ஒரு தடவை' என்று தோழி போனிலிருந்தும் பார்க்காதே. என் எண் அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். உனக்காக நான் பார்க்கிறேன். சட்டை நிறம் முதல் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

சின்ன வயதிலிருந்து உன் பேச்சைத்தான் நான் கேட்டிருக்கிறேன். இந்த ஒன்றில் என் பேச்சைக் கேள். வேளைக்குச் சாப்பிடு, கதவைத் தாழிட்டுத் தூங்கு.

என்றும் உன்,
தங்கை

*

அன்புள்ள அக்காவுக்கு,

கணக்கை நீக்கிவிட்டாய் என்று சிநேகிதி சொன்னாள். அழுதாய் என்றும் சொன்னாள்.

சனிக்கிழமை புதுப் படம் வந்தது. நீலச் சட்டை, மேல் பொத்தான் இல்லை. வகிடு இடப்பக்கம் மாறியிருக்கிறது. புதுப்பல் அரிசி அளவு எட்டிப்பார்க்கிறது. எதையும் விட்டுவிடக்கூடாது என்று பலமுறை திறந்து பார்த்து எழுதினேன்.

அன்று மாலை அத்தான் கூப்பிட்டார். காசு கட்டியிருக்கிறார். "என்ன மச்சினிச்சி, திடீர்னு எங்க மேல இவ்வளவு பாசம்? யாருக்காகப் பார்க்குற?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை படத்தை மாற்றிவிட்டார். இப்போது அந்த இடத்தில் ஒரு கார் நிற்கிறது.

தங்கை