கடைசி அத்தியாயத்தில் அவள் சாகவில்லை

நேற்று தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் பஸ்ஸில், முந்தின டிரிப்பில் பாதியில் நின்ற அந்தப் படத்தைத் தொடர்ந்து போட்டுவிட்டார்கள். அம்மாபேட்டை தாண்டும்போதே பாட்டை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். இறங்கி அடுத்த பஸ் பிடிக்கலாமா என்று எழுந்தேன். பிறகு, நான் எதற்கு இறங்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். நீ போனபிறகு எனக்குக் கோபம் குறையும் என்று வீட்டில் நினைத்தார்கள். குறையவில்லையடி. உனக்கும் சேர்த்து நான்தானே கோபப்படவேண்டியிருக்கிறது.

திரையில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். கதாநாயகி முன்னால் நடந்து நடந்து நடுகிறாள், நட்டதையெல்லாம் தன் காலாலேயே மிதித்துக்கொண்டு. முதல்முறை தியேட்டரில் அதைப் பார்த்தபோது நீ என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தாய். "பின்னால போகத் தெரியாதவளுக்கு எதுக்குடி வயக்காடு?" என்றாய். அன்று நாம் சிரித்தது அதோடு சரி.

அந்தக் கதை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த காலம் நினைவிருக்கிறதா? நீடாமங்கலம் கடைத்தெருவில் அப்பாவின் தையல் கடை. வாராவாரம் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, கடைசியில் மெஷினிலேயே கொடுத்துத் தைத்து, மிச்சத் துணியில் அட்டை போடுவது அவர் வழக்கம். எங்கள் மாதா கோயில் தெருவில் சுற்றிவிட்டு, வாய்க்கால் தாண்டி உங்கள் தெருவுக்கும் அந்த பைண்டிங் வரும். கல்லூரிக்குப் போகும் ரயிலில் நீ அதை உரக்கப் படிப்பாய். பக்கத்து சீட்டுக்காரர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்பார்கள். கதை படமாகப் போகிறது என்று தெரிந்ததும் எல்லோரையும் விரட்டினாய். "படம் வந்துட்டா அந்த நடிகை மொகந்தான் நிக்கும். அதுக்கு முன்னாடி படிச்சுப்புடுங்க. அம்மா மொகத்தோட படிங்க."

அம்மா முகம் என்று நீ சொன்னதற்குக் காரணம் இருந்தது. எழுதியவர் நம் பக்கத்தில் வங்கி வேலை பார்த்தவர். உன் அம்மாவிடமே வந்து உட்கார்ந்து கேட்டு எழுதினார். பெயரைத்தான் மாற்றியிருந்தார். அறுப்பு முடிந்து களத்தைவிட்டுப் போகும் பெண்கள், நெல் எதுவும் ஒளித்து வைக்கவில்லை என்று மடியை உதறிக் காட்டிவிட்டுப் போகவேண்டும். அது அந்தப் பண்ணையின் வழக்கம். உன் அம்மா ஒருநாள் உதற மறுத்தார். பண்ணை வேலையை மேற்பார்க்கும் காரியக்காரன் எல்லோர் முன்னாலும் மடியில் கைபோட்டு இழுத்தான். விழுந்தது ஒரு வெற்றிலைப் பொட்டலம். மறுநாள் காலை உன் அம்மா அதே களத்துக்கு, எல்லோருக்கும் முன்னால், அரிவாளோடு போய் நின்றார். அன்று சாயங்காலம் ஒரு பெண்ணும் மடியை உதறவில்லை. அதற்குப் பிறகு எவனும் உதறச் சொல்லவும் இல்லை. கதை அங்கேதான் முடிந்தது.

ஆனால் அப்பாவின் பைண்டிங்கில் அந்த முடிவு இல்லை. கடைசி வாரப் பத்திரிகை கடைக்கு வந்த அன்று அவசரத் தையல். யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை அளவு வெட்டக் காகிதம் தேடி, கைக்குக் கிடைத்த பக்கங்களை எடுத்துக் கத்தரித்துவிட்டார். நம் ஊர் படித்த கதை, அந்தப் பெண் ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஆற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதோடு நின்றுபோனது. யாரும் குறையாக நினைக்கவில்லை. மிச்சந்தான் எல்லோருக்கும் தெரியுமே, மிச்சம் வாய்க்கால் தாண்டி உயிரோடு இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

அப்புறம் படம் வந்தது. உங்கள் தெருப் பெண்கள் உன் அம்மாவைத் தலைக்குப் பூ வைத்துத் தியேட்டருக்கு அழைத்துப் போனார்கள். கல்யாணத்துக்குப் போவதுபோலப் போனோம். கடைசியில் அந்தச் சிவத்த பெண், தலை கலையாமல், வயலின் அழ அழ, ஆற்றில் இறங்கிப் போனாள். மானம் போனபிறகு வாழமாட்டாளாம். தியேட்டரே மூக்கைச் சிந்தியது. விளக்குப் போட்டதும் உன் அம்மா நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் எங்கடி செத்தேன்?"

அந்த டைரக்டர் அன்று என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எழுதமாட்டேன். எழுதினால் நீ சிரிப்பாய்.

படத்தைக்கூட விட்டுவிடலாம். ஊரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரே மாதத்தில் பேச்சு மாறியது. குழாயடியில் ஒருத்தி, "அவ மானஸ்தி, போய்ச் சேந்துட்டா" என்றாள், உன் அம்மா குடத்தோடு நிற்கும்போதே. உன்னைப் பெண் கேட்டு வலங்கைமானிலிருந்து வந்தவர்களில் ஒரு அத்தை, காப்பியைக் குடித்துக்கொண்டே, "கதையில உள்ளவங்களுக்கு இருந்த ரோசம் எல்லாருக்குமா இருக்கும்?" என்றாள். நான் சண்டைக்குப் போனேன். "புஸ்தகத்துலயும் ஆத்தங்கரையிலதானம்மா முடியுது? நானும் படிச்சிருக்கேன்" என்று அவள் என் வாயை அடைத்தாள். அப்பா தைத்த பைண்டிங் அவள் ஊர்வரை போயிருந்தது.

எத்தனையோ வருஷமாக அறுப்புக்கு முன்வரிசையில் நின்ற உன் அம்மா, அதற்குப் பிறகு களத்துப் பக்கமே போகவில்லை. கேட்டால் முழங்கால் வலி என்றார். அவருக்கு முழங்கால் வலி கிடையாது, எனக்குத் தெரியும்.

நீ சண்டை போடவில்லை. கல்யாணப் பேச்சை நிறுத்திவிட்டு மெட்ராஸில் ஏதோ ஏற்றுமதி கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாய். ஊரைவிட்டு ஓடுகிறாய் என்று நான் உன்னோடு பேசாமல் இருந்தேன். நீயோ ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதைப் புத்தகக் கடைகளில் குனிந்து தேடிக்கொண்டிருந்திருக்கிறாய். அந்தக் கதை சின்னப் புத்தகமாக அச்சாகி, வந்த சுவடே இல்லாமல் போயிருந்தது. ஒரு பொங்கலுக்கு அதோடு வந்து இறங்கினாய்.

அப்போது ஊருக்கு கேபிள் வந்திருந்தது. துபாய்க்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் உங்கள் தெருவிலும் டிவி. கேபிள்காரர் செல்வம் அண்ணன் கல்யாண வீடியோவும் எடுப்பவர். தன் வீட்டுக் கூடத்திலிருந்தே லோக்கல் சேனல் நடத்தினார். பொங்கலுக்கு அந்தப் படம் என்று மைக் கட்டி அறிவித்திருந்தார். நீ என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாய்.

"அண்ணே, படத்துக்கு முன்னாடி ஒரு அத்தியாயம் படிச்சிக்கிறேன்."

"இப்ப படிச்சா யாரு பாப்பா கேப்பாங்க?"

"படத்துக்காக உக்காந்திருப்பாங்கல்லண்ணே. வேற வழியில்ல, கேட்டுத்தான் ஆவணும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே கேமராவை எடுத்து வைத்தார். பின்னால் பிளாஸ்டிக் பூத்தொட்டி. நீ பேரைச் சொல்லவில்லை, வணக்கம் சொல்லவில்லை. படிக்க ஆரம்பித்துவிட்டாய். ரயிலில் படித்த அதே குரல். இரண்டு பக்கம் போவதற்குள் வாசலில் ஆள் வந்துவிட்டது. "யோவ், படத்தப் போடுய்யா! அந்தப் பொண்ணு என்ன பாடம் நடத்துது?" சந்தா கட்டமாட்டோம் என்று ஒருவன் கத்தினான். அண்ணன் கை சுவிட்சுக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முடிக்கட்டும்ணே. அதுவரைக்கும் இந்தக் கைய நான் விடமாட்டேன்."

வாசலைப் பார்த்து நான் திட்டிய திட்டு உன் மைக்கில் விழுந்து ஊர் முழுக்கக் கேட்டதாம். மாதா கோயில் தெருவில் எனக்கு ரொம்ப நாள் அதுதான் பெயர். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண் விடியலில் எழுந்து அரிவாளை எடுத்ததைப் படித்தாய். களத்தில் போய் நின்றதைப் படித்தாய். சாயங்காலம் பெண்கள் ஒவ்வொருவராக மடியை உதறாமல் வரப்பேறிப் போனதைப் படித்தாய். புத்தகத்தை மூடினாய். "இதான் முடிவு. இனிமே வர்றது அவங்க சேத்தது. பாக்குறவங்க பாருங்க" என்றாய். அண்ணன் படத்தைப் போட்டார். என் விரல் தடம் அவர் மணிக்கட்டில் பதிந்திருந்தது.

மறுவாரம் சம்பா அறுப்பு. உன் அம்மா அரிவாளோடு முன்வரிசையில் நின்றார். குழாயடிக்காரி அவருக்கு இடம்விட்டுத் தள்ளி நின்றாள், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ வாய்க்கால் மதகில் நின்று பார்த்து அழுதாய், சந்தோஷம் என்றாய். எனக்குச் சந்தோஷம் வரவில்லையடி. யாரோ ஒருவருக்கு டிக்கெட் விற்பதற்காக, உன் அம்மா அந்த அத்தியாயத்தை இரண்டாம் முறை வாழவேண்டியிருந்தது. அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

உன்மேலும் கோபம்தான். புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "நீதான் பத்திரமா வச்சிருப்ப, எனக்கு வீடு மாத்தி மாத்தியே பொழப்பு போவுது" என்றாய். மெட்ராஸிலேயே ஆஸ்பத்திரியில் கிடந்தாய். கடைசிவரை "ஒண்ணுமில்லடி" என்றே போனில் சொன்னாய். உன் கதைக்கு மட்டும் முடிவை என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

நேற்று பஸ்ஸில் ஆற்றுக் காட்சி வந்ததும் பக்கத்து சீட்டுப் பெண் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவ சாகல" என்றேன்.

"என்னக்கா?"

"மறுநா காலையில களத்துக்குப் போனா. புஸ்தகத்துல இருக்கு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உன் புத்தகந்தான், வேறு பிரதி எங்கே கிடைக்கிறது? கடைசி அத்தியாயத்தை அவள் படிக்கத் தொடங்கினாள். திரையில் பாட்டு முடிந்து பெயர்கள் ஓடின, அவள் தலை நிமிரவில்லை. நீடாமங்கலத்தில் நான் இறங்க எழுந்தபோது புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நெசமாவே இப்படி ஒருத்தங்க இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"இருந்தாங்க இல்ல, இருக்காங்க. அவங்க வீட்டுக்குத்தான் போறேன்."

உன் அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். கண் மங்கல், காது மட்டும் கூர்மை. என் செருப்புச் சத்தத்திலேயே நான் எப்படி வருகிறேன் என்று கண்டுகொண்டார்.

"என்னடி, யாரோட சண்டை?"

"பஸ்ல அந்தப் படத்தப் போட்டுட்டான் அத்தை."

முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். "இன்னுமா என்னைச் சாவடிச்சிக்கிட்டு இருக்கானுவ?" என்றார். நீ உட்காரும் இடம் காலியாகக் கிடந்த அந்த வாசலில் நான் நின்றுகொண்டிருக்க, அவர் கையூன்றி எழுந்தார்.

"உள்ள வா. சோறு திங்கலாம். அப்புறம் அந்தக் கடைசியப் படி. அவ மாதிரியே சத்தமா படிக்கணும்."

படித்தேன். உன் குரல் எனக்கு வராது. ஆனால் தெருவுக்கே கேட்கும்படி படித்தேன்.