எந்தக் கதவு முடியைப் பிடுங்கும்?

சுபோட்டிட்சா,
22 ஆகஸ்ட் 2004

அன்புத் தங்கை லுபிட்சாவுக்கு,

நேவெனாவை நடத்துநரிடம் ஒப்படைத்துப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஒருநாள் லீவு போட்டு நீயே வந்து அழைத்துப் போயிருக்கலாம். அக்கா முகம் மறந்துவிட்டதா? உன் மகள் பிளம் கொழுக்கட்டையை ஒரு பிடி பிடித்தாள். "அம்மா செய்யறத விட நல்லாருக்கு, சொல்லிடாதீங்க பெரியம்மா" என்றாள். சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்.

இன்னொன்று. முடி வெட்டிவிடலாம் என்று அவளை உட்காரவைத்தேன், என் தொழில்தானே. இடது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு முடியே இல்லை. வெறும் தழும்பு. "என்னடி இது?" என்றேன். "கதவு இடிச்சிடுச்சு" என்றாள். எந்தக் கதவு முடியைப் பிடுங்கும், லுபிட்சா? அன்று மாலை அலமாரியிலிருந்து உப்பு ஜாடியை எடுக்க அவள் தலைக்கு மேலே கையை நீட்டினேன். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்பது வயதுக் குழந்தைக்குச் சமாளிக்கிற அந்தச் சிரிப்பை யார் கற்றுக்கொடுத்தது?

மறைக்காமல் எழுது.

உன் அக்கா,
ஸோர்கா

•

வால்யெவோ,
3 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லவேளை, அவர் வீட்டில் இல்லை. இனி வீட்டு முகவரிக்கு எழுதாதே, நான் வேலை செய்யும் ரொட்டிக்கடைக்கு எழுது. தொலைபேசியும் வேண்டாம். குடமிளகாய் சுட்டுத் தோலுரித்து ஜாடியில் அடைக்கும் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. உனக்கு நாலு ஜாடி எடுத்துவைக்கிறேன்.

அது கதவுதான் அக்கா. ஸ்லாவ்கோ கொஞ்சம் கண்டிப்பானவர், ஒத்துக்கொள்கிறேன். கால்பந்துப் பயிற்சியாளர் வேறு எப்படி இருப்பார்? ஊரே தன் பிள்ளைகளை அவரை நம்பி அனுப்புகிறது. குடியில்லை, சூதில்லை. நம் அப்பா அடிக்காத அடியா? "பிரம்பு சொர்க்கத்துலேருந்து வந்தது" என்று சொல்லிக்கொண்டே விளாசுவாரே. நாம் என்ன கெட்டா போய்விட்டோம்?

உன் தங்கை,
லுபிட்சா

•

சுபோட்டிட்சா,
11 செப்டம்பர்

லுபிட்சா,

கெட்டுத்தான் போனோம். பதின்மூன்று வயதுவரை நீ படுக்கையை நனைத்தாய். அக்கம்பக்கத்தார் கண்ணில் படாதபடி அம்மா மெத்தையைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் காயப்போடுவாள். இந்த வயதிலும் என் கடையில் எவனாவது குரலை உயர்த்தினால் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுகிறேன். மெத்தையைக் காயப்போடத் தெரிந்த அம்மாவுக்கு அப்பா ஓங்கின கையைப் பிடிக்கத் தெரியவில்லை. நீ அவளைவிடக் கெட்டிக்காரி, கதவின்மேல் பழியைப் போடுகிறாய்.

ஊர் பிள்ளைகளை அனுப்புகிறதாம்! ஊருக்கு அவன் மைதானத்தில் காட்டுகிற முகம்தான் தெரியும். வீட்டு முகம் உனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். உன்னையும் அடிக்கிறானா? பதில் எழுது. எனக்கு இரண்டு அறை இருக்கிறது. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டின துணியோடு வா.

ஸோர்கா

•

வால்யெவோ,
30 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படியெல்லாம் எழுதாதே. கல்யாணம் செய்யாதவளுக்குக் குடும்பம் என்றால் என்ன தெரியும் என்று அவர் சொல்வார். நான்தான் உனக்காகப் பரிந்து பேசுவேன்.

டிசம்பர் 19 புனித நிக்கோலா நாள், எங்கள் குடும்பப் புனிதரின் விருந்து. நீயும் வா. மெழுகுவத்தி ஏற்றும்போது மகளை எப்படித் தோளோடு அணைத்துக்கொள்வார் என்று உன் கண்ணால் பார்.

நேவெனா உனக்குத் தானே எழுதுவேன் என்று அடம்பிடித்தாள். வலது கையில் மாவுக்கட்டு, முடியவில்லை. படியில் விழுந்துவிட்டாள். குழந்தைகள் விழத்தானே செய்வார்கள்.

லுபிட்சா

•

சுபோட்டிட்சா,
9 அக்டோபர்

லுபிட்சா,

முதலில் கதவு, இப்போது படியா? உன் வீட்டில் மரமும் கல்லும் எல்லாம் சேர்ந்து குழந்தையை அடிக்கின்றன, உன் புருஷன் ஒருத்தன் மட்டும்தான் அடிப்பதில்லை!

நேற்று கடையை மூடிவிட்டு உங்கள் ஊருக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை, குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் பேனாவைக் கூட எடுக்கவில்லை.

"யாரு, கோச் ஸ்லாவ்கோவா? என் பையனுக்கே அவர்தாம்மா சொல்லிக்குடுக்கறாரு. தங்கமான மனுஷன். குடும்பம்னா ஆயிரம் இருக்கும்."

"அந்த ஆயிரத்துல ஒண்ணு ஒரு குழந்தையோட ஒடிஞ்ச கை. நீங்க எழுதிக்கறீங்களா, இல்ல பெல்கிரேடுல தலைமை அலுவலகத்துக்கே போயி உங்க பேரையும் சேத்துச் சொல்லட்டுமா?"

எழுதிக்கொண்டார். என் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். அடுத்தவர் சொல்லி நீ கேட்கக்கூடாது என்றுதான் நானே எழுதுகிறேன். வெறுப்பதானால் வெறுத்துக்கொள்.

ஸோர்கா

•

வால்யெவோ,
4 நவம்பர்

ஸோர்காவுக்கு,

திருப்திதானே? வந்தார்கள், போலீஸ்காரனோடு, எல்லா ஜன்னலும் பார்த்துக்கொண்டிருக்க. ஒரு பெண் அதிகாரி நேவெனாவைத் தனி அறையில் வைத்துக் கேட்டாள். பிறகு அவள் சொன்னதை என்னிடம் வாசித்துக் காட்டினாள்: "அப்பாதான் கையை முறுக்கினாரு. அம்மா டிவி சத்தத்தக் கூட்டுனாங்க."

என் வயிற்றில் பிறந்தது இப்படிச் சொல்லுமா? நீ சொல்லிக்கொடுத்தது. கோடையில் கொழுக்கட்டையோடு சேர்த்து ஊட்டிவிட்டிருக்கிறாய். அவளை அழைத்துப்போய்விட்டார்கள். அவரோ விசாரணை முடியட்டும் என்று அமைதியாக மைதானத்துக்குப் போய்வருகிறார். என்னிடம்தான் ரொட்டிக்கடையில் ஒருத்தரும் பேசுவதில்லை.

எனக்கு அக்கா இல்லை.

லுபிட்சா

•

சுபோட்டிட்சா,
27 நவம்பர்

லுபிட்சா,

அக்கா இல்லையென்றால் போகட்டும். உனக்கு மகள் இருக்கிறாள். போன வாரம் என்னிடம் ஒப்படைத்தார்கள்.

தண்ணீர் குடிக்க அனுமதி கேட்கிறாள். தலையணை உறைக்குள் ரொட்டி ஒளித்துவைக்கிறாள். டிவியில் சத்தம் கூடினால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததா இது? பள்ளியில் தன்னைவிடச் சின்ன பெண் ஒருத்தியை அறைந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "சொன்ன பேச்சக் கேக்கல" என்றாள். அது யாருடைய குரல் என்று உனக்குத் தெரியும்.

நேற்று படுக்கும்போது கேட்டாள்: "நான் அங்க இல்லன்னா அம்மாவத்தானே அடிப்பாரு? நான் போயிடவா?"

செப்டம்பரில் நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் எழுதவில்லை. உன் மகள் சொல்லிவிட்டாள்.

உன்மேல் எனக்குக் கொலைக் கோபம். ஆனாலும் வா. தனியாக வா.

ஸோர்கா

•

வால்யெவோ,
9 டிசம்பர்

அக்கா,

ஆமாம். அடிக்கிறார். நேவெனா பிறப்பதற்கு முன்பிருந்தே. அவளை அடிக்கிற நாளில் என்னை விட்டுவிடுவார். அதை எழுதவே எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

புனித நிக்கோலா நாளன்று வீடு நிறைய விருந்தாளிகள் இருப்பார்கள். ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். நோவி சாத் வழியாக வரும் மாலைப் பேருந்து. நேவெனாவிடம் சொல்லாதே. ஏதாவது ஆகி நான் வராவிட்டால் அவள் காத்திருக்கக்கூடாது.

உன் லுபிட்சா

•

சுபோட்டிட்சா,
21 டிசம்பர்

லுபிட்சா,

கடைசி ஆள் இறங்கி, ஓட்டுநர் விளக்கை அணைக்கும்வரை நின்றேன். அடுத்த பேருந்துக்கும் நின்றேன். உன்னைக் கொன்றேவிட்டான் என்று நினைத்தேன். நேற்றுக் காலை ரொட்டிக்கடைக்குத் தொலைபேசி செய்தேன். அங்கே வேலை செய்யும் பெண் ஒருத்தி சிரித்தபடி சொன்னாள்: "அவங்களுக்கென்ன, நல்லாருக்காங்க. விருந்து அமர்க்களம்! மீன் வறுவலும் வால்நட் கேக்கும், வந்தவங்க எல்லாம் விரலைச் சூப்பிட்டுப் போனாங்க."

பயந்துபோயிருப்பாய். அது எனக்குப் புரிகிறது. ஒரே வீட்டில்தானே வளர்ந்தோம். ஆனால் புரிவதும் மன்னிப்பதும் ஒன்றில்லை.

நேவெனாவிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பனியில் நனைந்து வந்த என்னைப் பார்த்தாள். துண்டு எடுத்துக் கொடுத்தாள். "அம்மா வரலேல்ல?" என்றாள். நான் துண்டை வாங்கித் தலையைத் துவட்டினேன். "பரவால்ல பெரியம்மா. விருந்தாளிங்க வந்திருப்பாங்க. அம்மாவுக்கு வேலை இருக்கும்."

ஒன்பது வயதில் ஒரு குழந்தை அம்மாவுக்காகச் சாக்குச் சொல்கிறது. அதைக் கேட்டு நான் அழவில்லை.

பிப்ரவரியில் விசாரணை. அவனைப் பற்றிச் சொல்வேன். உன்னைப் பற்றியும் சொல்வேன். நேவெனா என்னோடு இருக்கட்டும் என்று கேட்கப்போகிறேன்.

நீ வந்தால் கதவைத் திறப்பேன், எந்த நேரமானாலும். ஆனால் இனி வருகிறேன் என்று எழுதாதே. வா.

ஸோர்கா