வலது பின்சக்கரம்

குட்டியின் தாத்தாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? மாத்திரையை மறக்காதீர்கள்.

நேற்று குட்டியைப் பள்ளியில் விடக் கிளம்பும்போது காரின் வலது பின்சக்கரம் காற்று இறங்கி உட்கார்ந்திருந்தது. உங்கள் பஞ்சர் கடையில் முப்பது வருஷம் இருந்தவளுக்குத் தெரியாதா? சொன்னேன்.

மாப்பிள்ளையின் அம்மா, "லைட் எரியலையே சம்பந்தி, எரிஞ்சா பார்த்துக்கலாம்" என்று வண்டியை எடுத்துவிட்டார். பாதி வழியில், காற்று குறைந்தால் எரியும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை. பெட்ரோல் பங்கில் அவரே குனிந்து காற்றடித்தார். என் கையில் வால்வு மூடியைக் கொடுத்து, "கீழே போட்டுடாதீங்க" என்றார்.

குட்டி கைதட்டி, "கார் பாட்டிக்கு எல்லாம் தெரியும்!" என்றாள். நான் அவளுக்குச் சோத்துப் பாட்டி.

"முதல்ல பார்த்தது யாருடி?" என்று கேட்டேன். காற்றடிக்கும் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

இன்று விடிந்ததும் போய் நாலு சக்கரத்தையும் அமுக்கிப் பார்த்தேன். பாழாய்ப்போனவை, கல் மாதிரி இருக்கின்றன. என்றைக்காவது இறங்காமலா போகும்?

கடையில் காற்று பார்க்கும் மீட்டர் இருக்கிறதே, அதை நம் தெருவிலிருந்து இங்கே வருகிற டீச்சரிடம் கொடுத்தனுப்புங்கள். உங்கள் பழைய துண்டில் சுற்றுங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

குட்டி எழுந்துவிட்டாள். சோத்துப் பாட்டியைத்தான் கூப்பிடுகிறாள். ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி