ஒரு பல், முப்பத்தோரு ட்ரம்பெட்

மார்ச் 3

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று என்றால் எழுதியிருப்பீர்கள் அல்லவா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை வருகிறது என்று நம் மகள் தடை போட்டுவிட்டாள். "ரெண்டு பேரும் லெட்டர் எழுதிக்கோங்க. எழுதுறப்பவாவது கொஞ்சம் யோசிப்பீங்க" என்றாள். யோசித்துத்தான் எழுதுகிறேன். யோசிக்க யோசிக்கக் கோபம் கூடத்தான் செய்கிறது.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா நேற்று என்னைப் போனில் கூப்பிட்டாள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் இன்னொரு பெட்டி தூக்கிட்டு வந்தாரு. என்னைப் பார்த்ததும் முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டாரு" என்றாள். ஐம்பத்துநாலு வயசு மனுஷர் ட்ரம்பெட் பெட்டியை ஒளித்துக்கொண்டு படியேறுகிறீர்களே, லிஃப்ட் மெக்கானிக் வீட்டு லிஃப்டும் ஓடவில்லையா?

செப்டம்பரில் நான் கிளம்பும்போது எண்ணிவிட்டுத்தான் வந்தேன். செருப்பு ஸ்டாண்டில் நான்கு. கட்டிலுக்கு அடியில் பதினொன்று. பீரோ மேல் எட்டு. ரிப்பேராகிக் கிடந்த துவைக்கிற மிஷினுக்குள் ஒன்று. "வீட்லயே ஈரம் படாத இடம் அதுதான்" என்றீர்கள். இருபத்துநாலு ட்ரம்பெட், ஒரே ஒரு வாய்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் மேஜையில் கை வைத்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் பல் கட்டுகிறவள். நாலு பேருடைய தாடை அச்சை அந்த மேஜையில் வைத்திருந்தேன். வந்த ட்ரம்பெட்டைக் கழற்றிப் போட இடம் வேண்டும் என்று அவற்றைத் தூக்கி பால்கனியில் வைத்தீர்கள். மழை வந்தது. பிளாஸ்டர் கரைந்தால் பல் பொருந்தாது என்று இருபத்தேழு வருஷமாகப் பார்க்கிற உங்களுக்குத் தெரியாதா? டாக்டர் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலை குனிந்து நின்றேன். நீங்கள் சொன்னது என்ன? "மழை வரும்னு யாருக்குத் தெரியும்?"

இங்கே லேபில் எனக்கென்று ஒரு மேஜை இருக்கிறது. யாரும் தொடுவதில்லை. அங்கேயும் அப்படி ஒன்று இருந்தால் வருவேன். இல்லாவிட்டால் உங்கள் பித்தளைகளோடு குடும்பம் நடத்துங்கள்.

பல்லுக்காரி


மார்ச் 12

என் பல்லுக்காரிக்கு,

தெருவே உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. நீயே அப்படிக் கையெழுத்துப் போட்ட பிறகு நானும் கூப்பிட்டால் தப்பில்லை.

பெட்டியை மறைக்கவில்லை. லிஃப்ட் ஜோராக ஓடுகிறது. உள்ளே மேல்வீட்டு வக்கீல் இருந்தார், அவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டுமே என்று படியேறினேன். அவ்வளவுதான்.

கோபப்படாமல் கேள். இது ஒரு பழைய ஹோட்டலின் பாட்டுக் கூடத்தில் கிடந்தது. இடிப்பதற்கு முன்னால் லிஃப்டைக் கழற்றப் போனேன், அலமாரியில் இருந்ததைக் கொடுத்தார்கள். எண்பது வயதிருக்கும். பெட்டியைத் திறந்தால் வெல்வெட்டும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. யாரோ ஒருவர் நாற்பது வருஷம் இடது கட்டைவிரலை ஒரே இடத்தில் வைத்திருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் பூச்சு தேய்ந்து பித்தளை வெளுத்திருக்கிறது. கையில் எடுத்தேன், என் விரல் தானாகப் போய் அங்கே உட்கார்ந்தது. முகம் தெரியாத ஒருவர் கை கொடுத்த மாதிரி இருந்தது. கடையில் பளபளவென்று தொங்குகிற புதுசில் இது கிடைக்குமா? அதனால்தான் பழசை மெருகு போட்டுத் தேய்க்கவே கூடாது என்கிறோம். தேய்த்தால் அந்த ஆள் போய்விடுவார்.

சத்தமும் வேறே. புதுசு கத்தும், இது பேசும். முதல் மூன்று நாள் அப்படிப் பேசியது. நாலாம் நாளிலிருந்து மேல் ஸ்வரம் பிடிபடவில்லை, புஸ்ஸென்று போகிறது. இதற்கு முன்னால் வாங்கினவையும் இப்படித்தான். பழைய சாமான்தானே, எங்கேயோ காற்று கசிகிறது போல. வேறொன்று பார்க்க வேண்டும்.

எங்கள் பாண்டின் சனிக்கிழமை வாசிப்புக்கு இரண்டு வாரமாகப் போகவில்லை. சளி. டிரம்ஸ்காரர் என் மேல் காய்ச்சலாக இருக்கிறார்.

மேஜை விஷயம் ஞாபகம் இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 21

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் மேஜையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். நீங்கள் ட்ரம்பெட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, மேஜைக்கு ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் என்ன வரி! ஞாபகம் இருக்கிறதாம். எனக்கு மட்டும் மறந்தா போச்சு?

நான் வந்த பிறகு ஏழு வாங்கியிருக்கிறீர்கள். தையல்காரம்மாவின் கணக்கு, தப்பாது. ஏழுமே மூன்று நாள் நன்றாக இருந்து நாலாம் நாள் கெட்டுப்போகிறதா? ஏழு பேர் மேலேயும் குற்றம் சொல்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். முன்பெல்லாம் ஓட்டை ஒடிசலைக்கூட வாயில் வைத்துப் பாட வைப்பீர்கள். "சாமான்ல தப்பில்ல, ஊதுறவன்தான் சமாளிக்கணும்" என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தது யார்?

இருபத்தேழு வருஷத்தில் சளி என்று சனிக்கிழமையை விட்டவர் இல்லை நீங்கள். காய்ச்சலோடு வாசித்துவிட்டு வந்து என் மடியில் விழுந்தவர். என்ன ஒளிக்கிறீர்கள்? பெட்டியை மட்டும்தானா?

எரிச்சலோடு,
பல்லுக்காரி


ஏப்ரல் 4

என் பல்லுக்காரிக்கு,

ஒன்றும் ஒளிக்கவில்லை. சந்தேகம் உன் கூடப் பிறந்தது.

இந்தப் பார்சலில் ஒரு பிளாஸ்டர் அச்சு இருக்கிறது. என் நண்பர் ஒருவருடையது. உனக்குத் தெரியாதவர். அவரும் ட்ரம்பெட் வாசிக்கிறவர். மேல் வரிசை முன்பல் ஒன்று ஆடுகிறது, காப்பாற்ற முடியாது, எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பல் போனால் உதட்டுக்கு முட்டு இல்லை, மேல் ஸ்வரம் போச்சு. பாவம், ஆறேழு மாதமாக யாரிடமும் சொல்லாமல் சமாளித்துப் பார்த்திருக்கிறார்.

எடுத்த பல்லுக்குப் பதிலாக மாட்டிக்கொள்ள ஒன்று செய்து கொடுக்க முடியுமா என்று கேட்கிறார். உன் கை வேலை பற்றி நான்தான் சொன்னேன். உனக்கு நேரம் இருந்தால் போதும். அவசரம் இல்லை. ஆனால் இந்த மாதம் இருபதாம் தேதி பல்லை எடுக்கிறார்கள்.

அச்சை வெல்வெட் துணியில் சுற்றி, அதற்கு மேல் பிளாஸ்டிக் சுற்றி, அதற்கு மேல் தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். மழையே வந்தாலும் ஒன்றும் ஆகாது.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 13

நண்பருடைய நண்பருக்கு,

டப்பாவைத் திறந்து, வெல்வெட்டைப் பிரித்து, அச்சைக் கையில் எடுத்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மேஜைப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "என்னக்கா, யாரோட பல்லு?" என்றாள். "ஒரு பொய்யரோடது" என்றேன்.

ஒரு நாளைக்கு முப்பது தாடை பார்க்கிறவளிடம் உங்கள் வாயை அனுப்பி, நண்பர் என்று எழுதுவீர்களா? பக்கத்துப் பல் மேல் சாய்ந்துகொண்டு நிற்கிற அந்த முன்பல் எனக்குத் தெரியாதா? அதன் மூலை உடைந்தது எப்படி? நம் மகளுக்கு ஒரு வயசு. நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது தவழ்ந்து வந்து ட்ரம்பெட் வாயில் ஓங்கி ஓர் அடி. ரத்தம் வழிய வழிய நீங்கள் சிரித்தீர்கள், நான்தான் அழுதேன். மறந்துவிடுவேன் என்று நினைத்தீர்களா?

இப்போது எல்லாம் விளங்குகிறது. பல் ஆட ஆரம்பித்ததும் இந்த ஏழு ட்ரம்பெட்டையும் வாங்க ஆரம்பித்திருக்கிறீர்கள். தப்பு சாமானில்தான், வாயில் இல்லை என்று உங்களையே ஏமாற்றிக்கொள்ள ஒவ்வொன்றும் மூன்று நாள் உதவியிருக்கிறது. அட மனுஷரே! ஒரு பல்லுக்குப் பதில் ஏழு ட்ரம்பெட் வாங்குகிறவர் இந்த உலகத்தில் வேறு யாராவது உண்டா? கட்டின பெண்டாட்டி பல் கட்டுகிறவள். அவளிடம் "பல்லு ஆடுது" என்று இரண்டு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

நான் வீட்டில் இருக்கும்போதே ஆடியிருக்கிறது. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், நான் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை, அதையும் உங்கள் மேலேயே காட்டுகிறேன்.

பல்லை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்று நாள் விடுப்புப் போட்டுவிட்டு, லேபிலேயே உட்கார்ந்து செய்தேன். கோணல் இல்லை, உடைசல் இல்லை, நிறம் இம்மி பிசகாது. இதைவிட நல்ல பல் நான் யாருக்கும் செய்ததில்லை. டாக்டரிடம் காட்டி மாட்டிக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டு வாசித்துப் பார்த்து உடனே எழுதுங்கள்.

கையெழுத்துப் போடக்கூட மனசில்லை.


மே 2

என் பல்லுக்காரிக்கு,

மன்னித்துவிடு. முதலில் அதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடியும் ட்ரம்பெட்டில் ஆரம்பித்துவிடுவேன்.

உன்னிடம் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். நீ பார்த்தால் ஒரே பார்வையில் "இது போயிடுச்சு" என்று சொல்லிவிடுவாய். டாக்டர் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் போகலாம். நீ சொன்னால் எங்கே போவது? நீ கிளம்பின அன்றைக்குச் சொல்லத்தான் வாயெடுத்தேன். பல்லைக் காட்டி உன்னை நிறுத்தினேன் என்று ஆகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

பல்லை எடுத்தாயிற்று. நீ செய்ததை டாக்டர் மாட்டிவிட்டு, பக்கத்து அறை டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். தையல்காரம்மா "என்னண்ணே, பத்து வயசு குறைஞ்சிருச்சு!" என்கிறாள். வக்கீல் லிஃப்டில் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார். உண்மையிலேயே அழகான பல்.

வாசிப்பு வரவில்லை.

பத்து நாள் பார்த்துவிட்டேன். முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வாயில் வைத்தேன். மவுத்பீஸ் எங்கே உட்காருவது என்று தெரியாமல் உதடு வழுக்குகிறது. யாரோ ஒருவருடைய வாயை இரவல் வாங்கி ஊதுகிற மாதிரி இருக்கிறது. உன் வேலையில் குற்றம் இல்லை. குற்றம் சாமானில் இல்லை என்று இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

அதனால் முடித்துக்கொண்டேன். டிரம்ஸ்காரரிடமும் சொல்லிவிட்டேன். அந்த முரட்டு மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ட்ரம்பெட்டுகளை வாசிக்கத் தெரிந்தவர்களாகப் பார்த்துக் கொடுத்துவிடப் போகிறேன். சும்மா பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

உன் மேஜையைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறேன். மழை வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது இது.

உன் வீட்டுக்காரன்


மே 9

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

யாரைக் கேட்டு முடித்துக்கொண்டீர்கள்?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை எரிச்சல் வந்தது. மூன்றாவது தடவைதான் மண்டையில் உறைத்தது. தப்பு என்னுடையது.

இருபத்தேழு வருஷமாக அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நான். எத்தனை தடவை "நேராக்கிடலாம், ஒரு மாசத்து வேலை" என்று கெஞ்சினேன்! நீங்கள் கேட்டதே இல்லை. அச்சு கைக்கு வந்ததும் விடுவேனா? கை தானாக நேராக்கிவிட்டது. தொழில் புத்தி. உடைந்த மூலையையும் நிரப்பி, சாய்வையும் நிமிர்த்தி, நான் ஆசைப்பட்ட புருஷனைச் செய்து அனுப்பியிருக்கிறேன். வாசிக்கிற புருஷனை விட்டுவிட்டேன்.

தேய்ந்த இடத்தில் விரல் தானாகப் போய் உட்காரும் என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைக் கோபத்தில் சரியாகப் படிக்கவே இல்லை. உங்கள் உதடு முப்பது வருஷம் அந்தக் கோணலில் உட்கார்ந்து பழகியிருக்கிறது. மெருகு போட்டுத் தேய்க்கக் கூடாது என்று சொன்னீர்கள். தேய்த்துவிட்டேன்.

அச்சு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நேற்று உட்கார்ந்து மறுபடியும் செய்தேன். அதே சாய்வு, மகள் உடைத்த அதே மூலை. இவ்வளவு அசிங்கமான பல்லை இவ்வளவு கவனமாக நான் செய்ததே இல்லை. பக்கத்து மேஜைப் பெண் பார்த்துவிட்டு, "அக்கா, கோணலா வந்திருக்கே" என்றாள். "அப்படித்தான்மா வரணும்" என்றேன்.

இதைத் தபாலில் அனுப்ப முடியாது. நீங்கள் மாட்டிக்கொண்டு ஊத வேண்டும், நான் கேட்க வேண்டும், கழற்றி ஒரு மயிரிழை ராவ வேண்டும், மறுபடியும் ஊத வேண்டும். பத்து நாளாகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். எனக்கு மேல் ஸ்வரமும் தெரியாது கீழ் ஸ்வரமும் தெரியாது, ஆனால் அடுக்களையில் நின்று இத்தனை வருஷம் கேட்ட சத்தம் எது என்று எனக்குத் தெரியும். அது வரும்வரை ராவுவேன். என்ன செய்தும் வராவிட்டால் அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அழுவோம். நீங்கள் தனியாக அழுதது போதும்.

அதுவரை ஒரு ட்ரம்பெட்கூட வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. உள்ளேயும் வரக் கூடாது. டிரம்ஸ்காரரிடம் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மேஜையில் பல் ராவுகிற என் அரவை மிஷினை வைக்கப் போகிறேன், தொட்டால் தெரியும் சேதி.

லேபில் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை காலையில் வந்துவிடுவேன். என் துணியெல்லாம் எடுத்துக்கொண்டு வருகிறேன். பன்னிரண்டு மாடி லிஃப்டை ஓட வைக்கிறவர், அந்தத் துவைக்கிற மிஷினுக்குள் இருப்பதை எடுத்துவிட்டு அதையும் ஓட வைத்து வையுங்கள்.

உங்கள் பல்லுக்காரி